ஒரே அறை, இரண்டே நாள்: சொந்தமாக ஒரு ஜாஸ் ஆல்பம்

எங்கள் முதல் ஆல்பம் வெளிவரவே இல்லை. எட்டு மாதம் மெனக்கெட்டோம். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒரு ஸ்டுடியோவில் முதலில் டிரம்ஸ், அடுத்த வாரம் பேஸ், அடுத்த மாதம் பியானோ, கடைசியில் என் டெனர் சாக்ஸபோன் (சுருக்கமாக சாக்ஸ்) என்று ஒவ்வொருவராகப் போய், ஹெட்ஃபோனில் மெட்ரோனோம் டிக் டிக்கென்று அடிக்க, வாசித்துவிட்டு வந்தோம். சுருதி பிசகவில்லை, தாளம் நகரவில்லை. ஆனால் போட்டுக் கேட்டால் நான்கு பேர் நான்கு ஊரிலிருந்து ஃபோனில் குசலம் விசாரிப்பது போல இருந்தது. நான் ஒரு வரியை முடிக்கிற இடத்தில் பியானோ பதில் சொல்ல வேண்டும். பியானோ பதிவானபோது நான் அந்த வரியை வாசித்திருக்கவே இல்லை. எதற்குப் பதில் சொல்வார்?

இரண்டாம் தடவை நான்கு பேரும் ஒரே அறையில், ஒரு சனி, ஒரு ஞாயிறு. எட்டு உருப்படி, 47 நிமிடம். அதுதான் வெளிவந்தது. அதை எப்படிச் செய்தோம் என்பதை எங்களைப் போலப் பகலில் வேறு வேலை பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் வங்கி அதிகாரி. டிரம்ஸ் அண்ணனுக்குச் சென்னை புதுப்பேட்டையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பியானோ வாசிப்பவர் பள்ளி ஆசிரியை. எங்கள் எல்லோருக்குமே அவர் டீச்சர்தான். பேஸ் தம்பி மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான்.

பகல் வேலை இருக்கிறதே என்று கூச வேண்டாம். ஜாஸ் ஒலிப்பதிவில் பெரிய பெயரான ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். 1950களில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த தட்டுகளில் பெரும்பகுதி நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், அவருடைய அப்பா அம்மா வீட்டு ஹாலில் பதிவானவை. தனி ஸ்டுடியோவுக்கு அவர் மாறியது 1959இல்தான்.

முதலில் கணக்கு

மைக் வாங்குவதற்கு முன்னால் பேனாவை எடுங்கள். 32 பார் (பார் என்றால் நாலு அடி கொண்ட ஒரு தாளப் பகுதி) கொண்ட ஒரு மெட்டு, நிமிடத்துக்கு 160 அடி வேகம். ஒரு சுற்றுக்கு 128 அடி, அதாவது 48 விநாடி. முதலில் மெட்டு ஒரு சுற்று, சாக்ஸ் இரண்டு, பியானோ இரண்டு, பேஸ் ஒன்று, டிரம்ஸோடு நாலு நாலு பாராக மாற்றி வாசிப்பது ஒன்று, மறுபடி மெட்டு ஒன்று. ஆக எட்டுச் சுற்று, 6 நிமிடம் 24 விநாடி. கச்சேரியில் நான் ஐந்து சுற்று வாசிப்பேன். ஆட்கள் எதிரே உட்கார்ந்திருப்பதால் அது எடுபடும். ஆல்பத்தில் மூன்றாவது சுற்றிலேயே கேட்கிறவர் கை அடுத்த பாட்டுக்குப் போய்விடும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு உருப்படிக்கும் யாருக்கு எத்தனை சுற்று என்று ஒரு தாளில் எழுதி நான்கு பேரும் வைத்துக்கொண்டோம்.

வேகத்தையும் எழுதுங்கள். ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து, எந்த வேகத்தில் பாட்டு சுகமாக உட்காருகிறது என்று பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு நாளில் மெட்ரோனோமோடு வாசிக்க வேண்டாம். எண்ணிக்கை சொல்லித் தொடங்குபவர் மட்டும் பத்து விநாடி அதைக் கேட்டுவிட்டு அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பதற்றத்தில் 132இல் இருக்க வேண்டியது 148இல் கிளம்பிவிடும். நடுவில் யாராலும் பிரேக் போட முடியாது.

அடுத்த கணக்கு உரிமை. ஸ்டாண்டர்டுகளை, அதாவது எல்லா ஜாஸ் குழுவும் வாசிக்கும் பழைய பாட்டுகளை, வாசித்தால் மெட்டு இன்னொருவர் சொத்து. இந்தியாவில் இசையமைப்பாளர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. ‘ஆட்டம் லீவ்ஸ்’ மெட்டைப் போட்ட ஜோசப் கோஸ்மா 1969இல் இறந்தார். ஆக 2029 முடியும்வரை அது இங்கே சும்மா கிடைக்காது. அமெரிக்காவில் பழைய பாடல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பது கணக்கு. டபிள்யூ. சி. ஹேண்டியின் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ 1914இல் வெளியானது. அவர் மறைந்தது 1958இல். இரண்டு கணக்கிலும் காலம் முடிந்துவிட்டது. அதனால் எங்கள் ஆல்பத்தில் இருக்கும் ஒரே பழைய உருப்படி அதுதான். ஐரோப்பாவில் பொதுவாக 70 ஆண்டு என்பதால், பதிவேற்றும் படிவத்தில் அதைக் கவர் (பிறர் பாட்டை நாம் வாசித்தது) என்றே குறித்து ஹேண்டியின் பெயரைப் போட்டோம்.

காப்புரிமை முடியாத பாட்டுதான் வேண்டும் என்றால் உரிமம் வாங்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் 31சி பிரிவில் கவர் பதிப்புக்குச் சட்டப்பூர்வ உரிமம் உண்டு. மூலப் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், சரி. ஆனால் ஒரு பாட்டுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும் என்பதுதான் பொது விதி. 150 சிடி அடிக்கும் எங்களுக்கு அது யானைக்குத் தீனி போடுகிற கதை. டிஜிட்டல் விற்பனைக்கு மட்டும் என்றால், பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் சில விநியோக நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அமெரிக்க உரிமத்தை ஏற்பாடு செய்து தருகின்றன. அங்கே டவுன்லோடுக்கும் சிடிக்கும் ஐந்து நிமிடம் வரை ஒரே தொகை, தாண்டினால் நிமிடக் கணக்கு. ஜாஸ்காரர்களுக்கு இது வலிக்கும்.

இதற்கு ஜாஸ்காரர்களே 1940களில் பரவலாக்கிய குறுக்குவழி ஒன்று உண்டு. உரிமை மெட்டுக்குத்தான்; அடியில் ஓடும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசைக்குத் தனியாக யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. கெர்ஷ்வினின் ‘ஐ காட் ரிதம்’ (1930) பாட்டின் கார்ட் வரிசை மேல் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியின் காலத்தில் எழுதப்பட்ட புது மெட்டுகளுக்கு அளவே இல்லை. அந்த வரிசைக்கு ‘ரிதம் சேஞ்சஸ்’ என்று தனிப் பெயரே நிலைத்துவிட்டது. நானும் அதன் மேல் ஒரு மெட்டு எழுதினேன். ‘மூன்றரை மணி டோக்கன்’ என்று பெயர். கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தமும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பதிவுக்கு முன்னால். யார் இசையமைத்தது, வருமானம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் பதிவு என்னவாகும். சட்டத்தில் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்றால் அந்தப் பதிவுக்கு முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். நாங்கள் நான்கு பேர் பெயரையும் எழுதினோம். “நமக்குள்ள எதுக்குப்பா இதெல்லாம்” என்று அண்ணன் சிரித்தார். எங்கள் முதல் முயற்சியில் வேறொரு டிரம்ஸ்காரர் இருந்தார். அவர் விலகியபோது வாசித்ததை வெளியிடக் கூடாது என்றார். அன்றைக்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அறை

அண்ணனின் பூர்வீக வீடு சிந்தாதிரிப்பேட்டையில். மாடி ஹால் 24க்கு 16 அடி. மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கல் அடுக்கியது. கான்கிரீட் தளம் போட்ட சதுர அறையில் கை தட்டினால் கிணற்றுக்குள் தட்டியது போல ‘ட்ர்ர்ங்’ என்று ஒரு ஓசை வரும். இங்கே உத்திரங்கள் மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஓசை சிதறி மெல்ல அடங்கியது. அறை தேடும்போது நீங்களும் இதையே செய்யுங்கள்: நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு. ஓசை அழகாக அடங்கினால் அதுதான் உங்கள் ஸ்டுடியோ. முட்டை அட்டையெல்லாம் ஒட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், அதனால் ஒரு புண்ணியமும் இல்லை. தரையில் பவானி ஜமுக்காளம் இரண்டு, டிரம்ஸுக்குப் பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, எதிர்ச்சுவரில் புத்தகம் நிரம்பிய அலமாரி. அவ்வளவுதான் செய்தோம்.

பிறகு வேட்டை. முந்தின வெள்ளிக்கிழமை மாலை நான் கீழ் ஸ்வரத்திலிருந்து மேலே வரை ஒவ்வொன்றையும் நீளமாக ஊதிக்கொண்டே போனேன். ஒரு ஸ்வரத்தில் மட்டும் எங்கிருந்தோ ‘ஜ்ஜ்ஜ்’ என்று அதிர்வு. டீச்சர் சுவரோரமாகக் காதை வைத்துக்கொண்டு நடந்தார், தம்பி பரண்மேல் ஏறி அண்டா குண்டானையெல்லாம் துணி சுற்றி வைத்தான். சத்தம் போகவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்: மூலையில் நின்ற இரும்பு பீரோவின் கைப்பிடி. நான் அந்த ஸ்வரத்தை ஊதினால் அது கூடவே பாடுகிறது. கைப்பிடியில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றியதும் அடங்கியது. அடுத்தபடி ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகள். சாக்ஸ் ஒலிக்கெல்லாம் அவை சிலிர்த்துக்கொள்ளும். முழுக்க நிறுத்த முடியாது. டாம்களின் (செட்டில் உள்ள மற்ற டிரம்களின்) சுருதியைக் கொஞ்சம் மாற்றினால் குறையும்.

வெளிச்சத்தம் நம் ஊரில் தனி அத்தியாயம். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி, ஆடியில் அதைவிட. நாங்கள் தை பிறந்த பிறகு ஜனவரிக் கடைசியைத் தேர்ந்தெடுத்தோம். ஜன்னலைச் சாத்தினாலும் உயிர் போகாத மாதம். அங்கே இன்னொரு தொல்லை, பறக்கும் ரயில். காதுக்கு லேசாகத்தான் கேட்கும், மைக்குக்குக் கீழ் ஸ்தாயியில் உறுமும். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ரயில் போகும் நேரங்களைக் குறித்து, இடைவெளி பார்த்து ஆரம்பித்தோம். கீழ்வீட்டு மாமியிடம் குக்கர் வைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்தோம். “சாக்ஸபோன்னா கத்ரி கோபால்நாத் மாதிரி ஒரு கீர்த்தனை வாசிக்கப்படாதோ?” என்று கேட்டார். அடுத்த ஆல்பத்தில் பார்க்கலாம் மாமி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மின்விசிறி நிறுத்தம், ஏசி நிறுத்தம், ஃப்ரிட்ஜ் நிறுத்தம். திரும்பப் போட மறக்காமல் இருக்க வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும், சார்ஜர் சொருகினால் சில இடங்களில் ‘ம்ம்’ என்று இரைச்சல் வரும். ஃபோன்கள் அடுத்த அறையில்.

விசிறி இல்லாமல் நான்கு பேர் வாசித்தால் அறை சூடாகும். சூடு ஏறினால் ஊதுகிற வாத்தியத்தின் சுருதியும் ஏறும், டிகிரிக்கு 3 சென்ட் வரை. ஒரு அரைஸ்வரத்துக்கு 100 சென்ட். 27 டிகிரியில் சேர்த்த சுருதி 32 டிகிரியில் காதை உறுத்தும். எங்களிடம் இருந்தது டிஜிட்டல் பியானோ. அது 440 ஹெர்ட்ஸ் சுருதியில் ஆணி அடித்தது போல நிற்கும். நான்தான் மவுத்பீஸை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவை முழுக்க வாசித்துப் பதிவதுதான் டேக்) முன்னால் சுருதி பாருங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் பின்னால் விசிறியைப் போடுங்கள்.

எட்டு வழி

எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்றையும் மைக்குகளையும் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம், 9,000 ரூபாய். கேபிள்கள் ரிச்சி தெருவில் வாங்கியவை. டிரம்ஸுக்கு மேலே கண்டென்சர் மைக் இரண்டு, காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, சாக்ஸுக்கு ஒன்று, பேஸுக்கு மைக் இல்லாமல் நேராக எடுக்கும் டிஐ பெட்டி வழியாக ஒன்று, பியானோவுக்கு ஸ்டீரியோ லைன் இரண்டு, அறை முழுவதையும் பிடிக்க ஒன்று. எட்டு முடிந்தது. பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். சரிபார்க்கும்போது வாசிப்பதைவிட டேக்கில் எல்லோரும் பலமாக வாசிப்பார்கள். மென்பொருள் எதுவானாலும் சரி. நாங்கள் ரீப்பர் பயன்படுத்தினோம். 60 நாள் முழுசாகச் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள், பிறகு உரிமமும் 60 டாலர்தான்.

டிரம்ஸ் மைக்குகளை வைத்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஆல்பத்தின் ஒலியில் பாதி அதுதான். ஒன்று ஸ்னேருக்கு நேர் மேலே இரண்டு குச்சி உயரத்தில். மற்றொன்று அண்ணனின் வலது தோளுக்கு மேலே, கீழ்நோக்கி. இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரம், கிக்கிலிருந்தும் ஒரே தூரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்து ஸ்னேர் அட்டைப்பெட்டி மாதிரி ஒலிக்கும். அளக்கும் டேப் எல்லாம் வேண்டாம். பூக்கட்டும் வாழைநார் ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஸ்னேர் நடுவிலும் மறுமுனையை கிக் குச்சி படும் இடத்திலும் பிடித்துக்கொண்டு, நாரை மேலே இழுத்து முதல் மைக்கின் மூக்கில் படவைத்தோம். மைக் பட்ட இடத்தில் நாரில் பேனாவால் ஒரு புள்ளி. முனைகளை அசைக்காமல் அதே புள்ளியை வலது தோள் பக்கம் கொண்டுபோனோம். நார் விறைப்பாக நிற்கும் இடத்தில்தான் இரண்டாவது மைக்.

சாக்ஸுக்கு மணியின் (விரிந்திருக்கும் முனையின்) வாய்க்குள் மைக்கைத் திணிக்காதீர்கள். ஒலி மணியிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தெல்லாம் வருகிறது. ஒன்றரை அடி தள்ளி, மணிக்கும் கைவிரல்களுக்கும் நடுவில் பார்த்தபடி வையுங்கள். கார்டியாய்டு என்ற வகை மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். நான் டிரம்ஸைப் பார்த்து நின்றேன். மைக் என்னைப் பார்த்து, அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்றது. அப்படியும் டிரம்ஸ் என் மைக்கில் விழுந்தது. விழட்டும். ஏழெட்டு அடிக்குள் எல்லோரும் நெருங்கி நின்றால் அந்த வழிசல் கெடுதல் செய்யாது, அதுதான் அறையின் மணம். தூரம் கூடினால்தான் தொந்தரவு: 3 மீட்டர் கடக்க ஒலிக்கு 9 மில்லிவிநாடி ஆகிறது.

டிஜிட்டல் பியானோவில் நாங்கள் முதலில் தவறினோம். நேராக லைனில் எடுத்துவிட்டு, வாசிப்பவர்கள் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டால் போதும் என்று நினைத்தோம். சோதனைப் பதிவில் பியானோ மட்டும் படத்தில் வெட்டி ஒட்டிய முகம் போலத் தனியாக நின்றது. சின்ன ஆம்ப் ஒன்றை டீச்சர் பக்கத்தில் வைத்துப் பியானோவை அறைக்குள் ஒலிக்கவிட்டோம். பேஸுக்கும் அப்படியே. ஹெட்ஃபோன்களைக் கழற்றி வைத்துவிட்டோம். அடுத்த நொடி எல்லோரும் தானாகவே சத்தத்தைக் குறைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் குச்சியை வைத்துவிட்டு, மெல்ல உரசி வாசிக்கும் பிரஷ் எடுத்துக்கொண்டார். பேஸ் கேட்கவில்லை என்றால் ஒலியைக் கூட்டாதீர்கள், டிரம்ஸைக் குறையுங்கள்.

இரண்டு நாள்

சனிக்கிழமை காலை 10 மணிக்கு எளிதான ஒரு ப்ளூஸ். அது ஆல்பத்துக்கு அல்ல, கை நடுக்கம் போவதற்கு. பிறகு கஷ்டமானவை. ஒரு உருப்படிக்கு மூன்று டேக், நான்காவது கிடையாது. மூன்றிலும் வராதது நான்காவதில் வராது, அடுத்த நாள் காலை முதல் டேக்கில் வரும். எங்களுக்கு இரண்டு உருப்படிகள் அப்படித்தான் வந்தன. மதியம் முழுச் சாப்பாடு போட்டால் பாலட் (மெதுவான பாட்டு) தூங்கிவிடும்; இட்லியும் தயிர் சாதமும் கொஞ்சமாக.

ஒவ்வொரு டேக்கையும் வாயால் அறிவியுங்கள்: “டோக்கன், டேக் 2.” ஒரு நோட்டில் நேரம், டேக் எண், ஒரே ஒரு சொல். ‘நல்லது’, ‘ரயில்’, ‘பேஸ் தடுமாற்றம்’. யாரும் வாசிக்காத வெற்று அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள், வெட்டி ஒட்டும் இடத்தில் உதவும்.

கடைசி ஸ்வரம் முடிந்ததும் பத்து விநாடி யாரும் அசையக் கூடாது, மூச்சுவிடக் கூடாது. சிம்பல் முழுக்க அடங்க வேண்டும். இதை நான்கு தடவை சொல்லியிருந்தேன். ‘டோக்கன்’ இரண்டாவது டேக், அன்றைய தினத்தின் சிறந்த வாசிப்பு, சிம்பல் இழைந்துகொண்டிருக்கிறது, ஏழாவது விநாடியில் தம்பி “செம!” என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயே திறக்கவில்லை. அந்த ‘செம’ ஆல்பத்தில் இருக்கிறது. எடுக்க முயன்றேன். சிம்பலும் கூடவே போனது.

தேர்வும் கலவையும்

பதிவு முடிந்த இரவே கேட்காதீர்கள். நாங்கள் இரண்டு வாரம் விட்டோம். பிறகு நான்கு பேரும் தனித்தனியாகக் கேட்டு, உருப்படிக்கு ஒரு டேக் எண்ணை எழுதி அனுப்பினோம். தனித்தனியாக என்பது முக்கியம். கூடி உட்கார்ந்தால் ஒவ்வொருவர் காதும் அவரவர் தப்பில்தான் நிற்கும். எட்டில் ஆறு ஒரே எண்ணாக வந்தன. மற்ற இரண்டில், ஒன்றில் மெட்டு டேக் 1இலிருந்தும் சோலோக்கள் டேக் 3இலிருந்தும் ஒட்டினோம். இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், பெரிய ஜாஸ் தட்டுகளிலும் ஒட்டு உண்டு. ஒரே அறையில் எடுத்ததால் எட்டுத் தடங்களையும் ஒன்றாகத்தான் வெட்ட முடியும். என் ஒரு தப்பான ஸ்வரத்தை மட்டும் மாற்ற முடியாது, ஏனென்றால் அது டிரம்ஸ் மைக்கிலும் கேட்கிறது. அந்த ஸ்வரம் நான்காவது உருப்படியில் 2 நிமிடம் 11 விநாடியில் இருக்கிறது. எங்கே என்று சொல்லிவிட்டேன், தேடிக் கேளுங்கள்.

மிக்ஸிங்கில் செய்தது கொஞ்சம். டிரம்ஸ் மேல் மைக்குகள் இரண்டையும் முதலில் ஏற்றி, அதிலேயே இசைக்குழு முழுக்கக் கேட்கிறதா என்று பார்த்து, மற்றவற்றைத் தேவைக்கு மட்டும் சேர்த்தோம். சாக்ஸ் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் ரயில் போய்விட்டது. செயற்கை எதிரொலி எதுவும் போடவில்லை, அறை மைக் போதும். தாழ்ந்த ஒலியில் கலவை செய்யுங்கள். பிறகு காரில், ஃபோன் ஸ்பீக்கரில், மச்சான் வீட்டு டிவியில் கேளுங்கள். ஃபோனில் பேஸ் காணாமல் போகும், பதறி ஏற்றிவிடாதீர்கள்.

வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங்குக்கு மட்டும் வெளியாளிடம் கொடுத்தோம், உருப்படிக்கு 2,000 ரூபாய். முதலில் வந்தது சோப்பு விளம்பரம் போல அலறியது. பிரஷ் உரசலும் சாக்ஸ் உச்சமும் ஒரே பருமன். தப்பு எங்களுடையது, எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டி ஏற்றி இறக்கிவிடுகிறது; அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் குறைத்துவிடும். நசுக்கிய நெளிசல்தான் மிஞ்சும். எங்கள் இறுதிப் பதிவு மைனஸ் 17 லஃப்ஸில் இருக்கிறது, உச்சம் மைனஸ் 1 டெசிபெல். கேட்கிறவர் கொஞ்சம் ஒலியைக் கூட்டிக்கொள்ளட்டும்.

வெளியீடு

விநியோக நிறுவனங்களில் ஆண்டுச் சந்தா வாங்குபவை உண்டு, ஒருமுறை கட்டணம் வாங்குபவையும் உண்டு. சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடக் கூடும். மூன்று ஆண்டுக்கு ஒரு ஆல்பம் போடும் நமக்கு ஒருமுறை கட்டணம்தான் லாபம். வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரம் முன்னால் ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் போடும் குழுவுக்கு விண்ணப்பிக்க ஏழு நாளாவது முன்னால் இருக்க வேண்டும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தெண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு கிடைக்கும். நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் நிறுவனம் மாறினால் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் கேட்ட எண்ணிக்கை தொடரும். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் போடுங்கள். என் பெயரில் ஒரு எழுத்து மாறியதால் நான் இரண்டு கலைஞர்களாக ஒரு மாதம் வாழ்ந்தேன். மெட்டு எழுதியவர்கள், அவர்களுக்கான ராயல்டியை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்துகொள்ளலாம்.

காசு? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணம் கிடையாது. எங்கள் எட்டில் இரண்டு தாண்டின. அதனால் இசைக்குழுக்களே நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தின் பக்கம்தான் நாங்கள் எல்லோரையும் அனுப்புகிறோம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் சிடி போன்ற பொருட்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. பணம் பேபால் வழியாக வரும், பான் எண்ணைக் கொடுத்து முன்பே கணக்கைத் தயாராக வையுங்கள்.

சிடி 150 அடித்தோம். இப்போது யார் வீட்டில் சிடி பிளேயர் இருக்கிறது என்று என் மகள் கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் கச்சேரி முடிந்து வருகிறவர் கையில் கொடுக்க ஒரு பொருள் வேண்டும். உறைக்குள் பேண்ட்கேம்ப் டவுன்லோட் குறியீடு அச்சிட்ட சீட்டு ஒன்றை வைத்தோம். நிறையப் பேர் வாங்கியது அந்தச் சீட்டைத்தான் என்று நினைக்கிறேன். உறை திருவல்லிக்கேணி அச்சகத்தில் ஒரே நிறத்தில் அச்சானது, படம் அந்த வீட்டு மாடிப்படி. ஜாஸ் இசையமைப்பாளர் சன் ரா 1950களிலேயே சொந்த லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) நடத்தியவர், அவருடைய குழுவினர் பல தட்டுகளுக்கு உறையைக் கையாலேயே வரைந்தார்கள். ஆகவே அச்சு கொஞ்சம் மங்கியதைப் பற்றி நாங்கள் அலட்டிக்கொள்ளவில்லை.

வெளியான வாரத்திலேயே ஒரு வேலையை முடியுங்கள். எட்டுத் தடங்களையும் ஒவ்வொரு டேக்குக்கும் பூஜ்ய விநாடியிலிருந்து முழு நீள வேவ் கோப்பாக எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். மென்பொருள் மாறினாலும் அவை திறக்கும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எங்களுடையதில் ஒன்று என் மேசையில். இன்னொன்று சிந்தாதிரிப்பேட்டை மாடியில் அந்த இரும்பு பீரோவுக்குள், டேக் நோட்டோடு சேர்த்து. கைப்பிடியில் சைக்கிள் டியூப் இன்னும் சுற்றியபடியே இருக்கிறது.